எல்லாக் கோப்புகளுக்கும் ஒரே புதன்கிழமை

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது நான் உட்கார்ந்து யோசித்த கதை அல்ல. கம்பெனி பஸ்ஸில் காதில் விழுந்தது. குன்றத்தூரில் ஏறினால் ஒரகடத்தில் இறங்க முக்கால் மணி நேரம் ஆகும். ஜன்னலோரம் கிடைத்தவர்கள் தூங்கிவிடுவார்கள். கிடைக்காதவர்கள் வம்பு பேசுவார்கள். அந்த வம்புகளில் ஒன்றுதான் இது. கம்ப்யூட்டரில் ஃபோல்டர்களை ஒழுங்குபடுத்தப் போன ஒருவன், போன இடத்தில் மாட்டிக்கொண்ட கதை.

இதெல்லாம் ஒரு கதையா என்று நீங்கள் முணுமுணுப்பது எனக்குக் கேட்கிறது. கொலை இல்லை, பேய் இல்லை. (காதல் கொஞ்சம் உண்டு, ஐந்தாம் பகுதியில். அதற்காக நடுவில் உள்ளதைத் தாண்டிக் குதிக்க வேண்டாம்.) நானும் இதை விட்டுத் தொலைக்கப் பலமுறை பார்த்தேன், அது என்னை விடவில்லை. என் கம்ப்யூட்டரில் இந்த ஒரு கதைக்கு மட்டும் பதினான்கு கோப்புகள் இருக்கின்றன. 'கதை', 'கதை புதுசு', 'கதை கடைசி', 'கதை கடைசி இதுதான்', 'கதை இதைத் தொடாதே'. ஒழுங்கைப் பற்றி எழுத வந்தவனின் லட்சணம் இது.

சரி, தொடங்குகிறேன்.

1 (புதுசு)

ஒரகடத்தின் மேல் பனி இன்னும் விலகாத அந்த அதிகாலையில், கண் நிறையக் கனவுகளைச் சுமந்து வந்திறங்கிய பேச்சிராஜ்

அடச்சே. ஒரகடத்தில் பனியை யார் பார்த்தது? 2010-இல் அங்கே ஆறுவழிச் சாலை போட்டுக்கொண்டிருந்தார்கள். லாரி போனால் முன்னால் நிற்கிற ஆள் தெரியாது, அவ்வளவு தூசி. அவன் சுமந்து வந்ததும் கனவு இல்லை, ஒரு சூட்கேசும் ஒரு பிளாஸ்டிக் வாளியும்தான். அந்த வாக்கியத்தை அழிக்காமல் விட்டிருக்கிறேன். நான் எப்படிப்பட்ட எழுத்தாளன் என்று உங்களுக்கும் தெரியட்டும்.

1 (கடைசி)

பேச்சிராஜ் வள்ளியூர்ப் பக்கத்துப் பையன். டிப்ளமா படித்தவன், வயது இருபத்து நாலு. ஒரகடத்தில் கார்களுக்கு ரப்பர் குழாய் செய்கிற ஒரு கம்பெனியில், தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் கான்ட்ராக்டில் சேர்ந்தான். கம்பெனியின் பெயர் வேண்டாம். குழாய்களின் அளவு எடுத்த அறிக்கைகளைக் கம்ப்யூட்டரில் பத்திரமாக வைப்பதும், கேட்டால் எடுத்துக் கொடுப்பதும் அவன் வேலை. இரண்டு வருஷம் முடிந்தால் பர்மனன்ட் ஆக்குவதைப் பற்றி யோசிப்பார்கள். யோசிப்பார்கள் என்றுதான் சேரும்போது சொன்னார்கள். 2012 மே மாதத்தோடு அந்த இரண்டு வருஷம் முடிகிறது.

அந்த மே மாதம் அவன் கையில் பர்மனன்ட் கடிதம் கிடைக்குமா கிடைக்காதா, இந்தக் கதையில் இருக்கிற ஒரே கேள்வி அதுதான். வேறு எதையும் எதிர்பார்க்காதீர்கள்.

2

அந்தக் கம்பெனியில் எல்லாக் கம்ப்யூட்டர்களிலிருந்தும் போய்ச் சேரக்கூடிய பொது இடம் ஒன்று இருந்தது. காமன் டிரைவ் என்பார்கள். பொது இடம் என்றால் நம் ஊரில் என்ன நடக்குமோ அதுதான் அங்கேயும் நடந்தது. நாலு வருஷமாக ஆளாளுக்குக் கொண்டுவந்து கொட்டியிருந்தார்கள். 'புதிய ஃபோல்டர்' என்ற பெயரில் மட்டும் அறுபத்து மூன்று ஃபோல்டர்கள். அப்புறம் 'கடைசி', 'கடைசி 2', 'உண்மையான கடைசி', 'பாண்டு அண்ணன்', 'பாண்டு அண்ணன் பழசு', 'கஸ்டமர் திட்டினது'.*

* பெயர்கள் எல்லாம் ஆங்கிலத்தில்தான் இருந்தன, நான்தான் தமிழாக்கியிருக்கிறேன். ஃபோல்டருக்குக் கோப்புறை என்று நல்ல தமிழ்ச் சொல் இருப்பது எனக்கும் தெரியும். ஒரகடத்தில் அந்தச் சொல்லைச் சொன்னால் தலையணை உறை என்று நினைத்துக்கொள்வார்கள்.

ஒருநாள் தரப்பிரிவு மேனேஜர் புருஷோத்தமன் 2010 ஜூலை மாத அறிக்கை ஒன்றைக் கேட்டார். பேச்சிராஜ் தேட ஆரம்பித்தான். புருஷோத்தமன் பின்னால் நின்று கையைப் பிசைந்தார். பிறகு இடுப்பில் கை வைத்தார். பிறகு போய் டீ குடித்துவிட்டு வந்தார். இருபத்தைந்து நிமிஷம் கழித்து அந்த அறிக்கை 'ஆயுத பூஜை போட்டோ' என்ற ஃபோல்டருக்குள், பூசணிக்காய் உடைக்கிற படத்துக்கும் பொரி வாங்குகிற படத்துக்கும் நடுவில் அகப்பட்டது.

"இன்னா பேச்சி இது? மார்ச் மாசம் கஸ்டமர் ஆடிட் வருது. அந்த ஆடிட்டர் அம்மா முன்னாடியும் இப்பிடித்தான் பூசணிக்கா உடைப்பியா?"

"சார், நான் எல்லாத்தையும் ஒழுங்குபடுத்திருதேன் சார். ரெண்டு மாசம் குடுங்க."

"எந்த ஃபைல் கேட்டாலும் ஒரு நிமிஷத்துல ஸ்கிரீன்ல நிக்கணும். நின்னுச்சுன்னா உன் கன்ஃபர்மேஷன் லெட்டர்ல மொத கையெழுத்து என்னுது. நிக்கலைன்னா, ஏன் நிக்கலைன்னு எச்.ஆர் என்னைக் கேப்பாங்க, நான் உன்னைக் கைகாட்டுவேன். ஓப்பனா சொல்லிட்டேன்."

புருஷோத்தமன் கெட்டவர் இல்லை. மேலே இருந்து வருகிற திட்டைக் கீழே இறக்கிவிடும் குழாய் மாதிரி இருப்பவர், அவ்வளவுதான். எல்லா மேனேஜரும் அப்படித்தான்.

3

இங்கே சிவப்பு டேக்கைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எங்கள் பக்கத்துத் தொழிற்சாலைகளில் வருஷத்துக்கு இரண்டு தடவை சிவப்பு டேக் வாரம் வரும். பயன்படாமல் கிடக்கும் பொருள் எதுவானாலும், உடைந்த ஸ்டூலோ ஓடாத மோட்டாரோ, அதில் ஒரு சிவப்பு அட்டையைக் கட்டி, மஞ்சள் கோடு போட்ட ஒரு மூலையில் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். பதினைந்து நாளுக்குள் "இது எனக்கு வேணும்" என்று யாரும் வராவிட்டால் ஸ்கிராப்புக்குப் போய்விடும்.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் மனிதன் எந்தப் பொருளையும் அவ்வளவு சுலபமாக விட்டுக்கொடுக்க மாட்டான். பாண்டுரங்கனையே எடுத்துக்கொள்ளுங்கள். மண்ணூர்க்காரர், லைன் சூப்பர்வைசர், பேச்சிராஜ் குடியிருந்த மாடி அறைக்கு வீட்டு ஓனரும் அவர்தான். அவரிடம் ஒரு சக்கரம் போன சுழல் நாற்காலி ஒன்று இருந்தது. சிவப்பு டேக் வாரம் வந்தால் அந்த வாரம் முழுக்க அதை விட்டு எழுந்திருக்க மாட்டார். ஒருபக்கம் சாய்ந்தபடியே ஷிஃப்ட் ஓட்டுவார். யாராவது அட்டையோடு வந்தால், "இது ஓடிகினு கீதுப்பா, பாரு, குந்தினு கீறேன்ல" என்பார். வாரம் முடிந்ததும் நாற்காலியை ரேக்குக்குப் பின்னால் தள்ளிவிட்டு நல்ல ஸ்டூலில் உட்கார்ந்துகொள்வார்.

ஷாப்பில், அதாவது குழாய் செய்கிற கூடத்தில், எல்லாரும் அப்படித்தான். டேக் போட வருகிறார்கள் என்று தெரிந்தால் பொருளைப் பயன்படுத்துகிற மாதிரி காட்ட வேண்டும், அது தப்பித்துவிடும். யாரும் சொல்லிக் கொடுக்காமலே எல்லாருக்கும் தெரிந்த வித்தை அது. பேச்சிராஜ் ஒருவனுக்கு மட்டும் அது உறைக்கவில்லை. அவன் நேர்மையான பையன், உட்கார நாற்காலி கேட்டால் உட்காரத்தான் கேட்கிறார்கள் என்று நம்புகிறவன்.

4

மதியச் சாப்பாட்டு நேரங்களில், ஒரு கையில் தயிர்சாத டப்பாவும் இன்னொரு கையில் மவுசுமாக, பேச்சிராஜ் ஐந்து வாரம் உழைத்தான். முதலில் வருஷம், அதற்குள் வாடிக்கையாளர், அதற்குள் குழாயின் எண், அதற்குள் மாதம். எல்லாப் பெயர்களுக்கும் முன்னால் 01, 02 என்று எண். 'கடைசி' என்ற சொல்லை எந்தப் பெயரிலும் சேர்க்கக் கூடாது என்று தடை போட்டான். அது சரியான தடை. கடைசி என்று பெயர் வைத்த எந்தக் கோப்பும் கடைசியாக இருந்ததாக எனக்கு நினைவில்லை.

'பாண்டு அண்ணன்' ஃபோல்டரைக் கலைத்தபோது மட்டும் ஒரு சின்னச் சண்டை.

"இன்னா பேச்சி, நாலு வருசமா ஒரு ஓரமா கீது. உனக்கு இன்னா பண்ணுச்சி அது?"

"அண்ணாச்சி, உங்க ஃபைல் எல்லாம் இருக்கு. இடம்தான் மாறியிருக்கு."

"மொதல்ல இந்த அண்ணாச்சிய வுடு. எங்கூர்ல அண்ணாச்சின்னா மளிகைக் கடை. அப்புறம், என் ஃபைலு எங்க கீதுன்னு எனுக்கு எப்பிடித் தெரியும்?"

"எல்லாத்துக்கும் நம்பர் இருக்கு அண்ணாச்சி."

"நம்பரு வெச்சித் தேடுறதுக்கு நான் இன்னா போஸ்ட்மேனா?"

கடைசியில் (பார்த்தீர்களா, நானே அந்தச் சொல்லைப் போட்டுவிட்டேன்) பழைய குப்பை மட்டும் மிஞ்சியது. பேச்சிராஜுக்கு அப்போதுதான் அந்த யோசனை வந்தது. ஷாப்பில் செய்வதைக் கம்ப்யூட்டரிலும் செய்தால் என்ன? எல்லாருக்கும் சுற்றறிக்கை அனுப்பினான். 'வரும் வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு, ஒரு வருஷத்துக்கு மேல் கை படாத கோப்புகள் எல்லாம் சிவப்பு டேக் ஃபோல்டருக்குப் போகும். பதினைந்து நாளில் யாரும் கேட்காவிட்டால் அழிக்கப்படும்.' அந்தச் சுற்றறிக்கையின் ஏழாவது வரியில், 'தரப் பரிசோதனை அறிக்கைகளுக்கு இந்த விதி பொருந்தாது, அவை அப்படியே இருக்கும், யாரும் தொட வேண்டியதில்லை' என்றும் எழுதியிருந்தான். நேர்மையான பையன் என்றேன் அல்லவா.

ஆனால் சுற்றறிக்கையில் ஏழாவது வரி வரைக்கும் யார் படிப்பார்கள்? இரண்டாவது வரியில் 'அழிக்கப்படும்' என்று இருந்தால் மூன்றாவது வரிக்கே யாரும் போக மாட்டார்கள்.

 பேக்கப் இல்லையா என்று விவரம் தெரிந்த வாசகர் கேட்பார். இருந்தது. முந்தின மாதம் தன் யோசனையைச் சோதித்துப் பார்ப்பதற்காகப் பேச்சிராஜ் ஒரே ஒரு ஃபோல்டருக்கு மட்டும் டேக் போட்டான். ஒன்றரை வருஷமாக யாரும் தொடாத ஃபோல்டர். பதினைந்து நாளில் யாரும் கேட்டு வரவில்லை, அழித்துவிட்டான். அதுதான் பேக்கப். காகிதத்தில் இல்லையா என்றால், இனிமேல் காகிதமே வேண்டாம் என்று 2010-இல் ஒரு முடிவு எடுத்து எல்லாவற்றையும் எடைக்குப் போட்டிருந்தார்கள்.

5

சொன்னபடி காதல்.

இசக்கிசெல்வி ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் செல்போன் தயாரிக்கிற ஒரு கம்பெனியில் லைனில் இருந்தாள். அவளும் வள்ளியூர்தான். ஹாஸ்டலில் இருபது பெண்களோடு ஓர் அறை. ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டு எதிரே இருந்த ஜூஸ் கடையில் இருவரும் சந்திப்பார்கள். இரண்டு வீட்டுக்கும் தெரியும், சம்மதமும்தான். ஒரே ஒரு நிபந்தனை இருந்தது.

"அப்பா நேத்தும் போன்ல கேக்காவ, மாப்பிள்ள பர்மனன்ட் ஆயிட்டாரான்னு."

"மே மாசம் ஆயிரும்னு சொல்லு."

"போன வருசமும் இந்த மே மாசத்தத்தான் சொன்னீய."

"அது போன வருசம். இப்ப ஃபோல்டர் எல்லாம் ஒழுங்கு பண்ணியாச்சு செல்வி. ஃபோல்டருக்குள்ள ஃபோல்டர், அதுக்குள்ள ஒரு ஃபோல்டர். எத கேட்டாலும் பத்தே செகண்டு."

அவள் ஸ்ட்ராவை வாயிலிருந்து எடுத்தாள். "கல்யாணத்துக்கு அப்புறம் வீட்டுலயும் இப்படித்தானா? உளுந்து எங்கேன்னு கேட்டா டப்பாவுக்குள்ள டப்பாவா தொறந்து காட்டுவீயளோ?"

"உளுந்துக்கு நம்பர் ஜீரோ மூணு."

அவள் சிரித்ததில் சாத்துக்குடி ஜூஸ் மூக்கில் ஏறிவிட்டது. பேச்சிராஜுக்கு அந்த நிமிஷம் எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று எழுத எனக்கு வரவில்லை. (காதல் காட்சி எழுத வராத எழுத்தாளன் என்று ஒரு பத்திரிகை ஆசிரியர் எனக்கு எழுதியே அனுப்பியிருக்கிறார்.) பாதிச் சிரிப்புக்கு நடுவில் அவள் சட்டென்று, "அப்பா அடுத்து ஒரு இடம் பாத்து வச்சிருக்காவன்னு அம்மா சொன்னா" என்றாள். இரண்டு பேரும் ஜூஸைக் குடித்து முடித்தார்கள்.

6

இப்போது ஒரு கதாபாத்திரத்தை அறிமுகப்படுத்த வேண்டும். எனக்கு இவன்மேல்தான் நம்பிக்கை வரமாட்டேன் என்கிறது.

சுப்பன். ஸ்டோர்ஸ் கிளார்க். ரப்பர், கிளாம்ப், வாஷர் என்று எல்லாவற்றுக்கும் அவனிடம்தான் போய் நிற்க வேண்டும். பேச்சிராஜை விடப் பத்து வயது மூத்தவன். முதல் வரைவில் இவனுக்குப் பெரிய மீசை வைத்து வில்லனாக்கினேன், ஒட்டவில்லை. இரண்டாவது வரைவில் பேச்சிராஜ்மேல் பொறாமைக்காரனாக்கினேன். பேச்சிராஜிடம் பொறாமைப்பட என்ன இருக்கிறது, பிளாஸ்டிக் வாளியா? மூன்றாவது வரைவில் கதையிலிருந்தே தூக்கிவிட்டேன். தூக்கினால் புதன்கிழமை நடக்க மாட்டேன் என்றது. ஆகையால் சுப்பன் இருக்கிறான். அடிப்படையில் நல்லவன். உதவி செய்கிறவன். அதைச் சொல்லிவிட வேண்டும். (இதை ஏன் இவ்வளவு அவசரமாகச் சொல்கிறேன் என்று கேட்காதீர்கள்.)

புதன்கிழமை மூன்று மணிக்கு டீ நேரம். ஷாப்பே கலங்கிப் போயிருந்தது. மறுநாள் காலை எட்டு மணிக்கு எல்லாம் அழிந்துவிடும் என்று பேச்சு.

"நாலு வருசம் ரிப்போர்ட்டுப்பா" என்றார் பாண்டுரங்கன். "நாளைக்கு ஆடிட்ல கேட்டா நான் இன்னாத்த காட்டுவேன்?"

சுப்பன் டீ கிளாசைக் கீழே வைத்தான். "பாண்டு அண்ணே, உன் நாக்காலிய எப்பிடிக் காப்பாத்துன?"

"குந்திகினு."

"அதேதான். ஃபைலைத் தொற. எதுனா ஒரு காலிக் கட்டத்துல ஒரு புள்ளி வை. சேவ் குடுத்து மூடிடு. மிஷினுக்குத் தேதிதான் தெரியும், நீ குந்துனியா இல்லியான்னு தெரியாது."

பாண்டுரங்கன் அவனைக் கட்டிக்கொள்ளாத குறை. "மூளைடா உனுக்கு!"

பத்து நிமிஷத்தில் விஷயம் ஷாப் முழுக்கப் பரவிவிட்டது. கம்ப்யூட்டர் இருந்த இடங்களில் எல்லாம் வரிசை கட்டி நின்றார்கள். ஒருவன் திறக்க, ஒருவன் புள்ளி வைக்க, ஒருவன் சேமிக்க, லைனில் குழாய் பொருத்துவது போலவே வேலை பிரித்துக்கொண்டார்கள். கம்ப்யூட்டரைத் தொட்டே இராதவர்கள்கூட அன்று புள்ளி வைத்தார்கள். பேச்சிராஜ் ஐந்து வாரமாக எடுத்து எடுத்து நம்பர் போட்ட அறிக்கைகள் ஒன்றைக்கூட விடவில்லை. மூன்று இருபதுக்கு ஆரம்பித்து, ஐந்தரைக்கு ஷிஃப்ட் பஸ் கிளம்புவதற்குள் ஆயிரத்து எண்ணூறு கோப்புகளுக்குப் புள்ளி வைத்து முடித்துவிட்டார்கள். அந்தக் கம்பெனி அதற்கு முன்னும் பின்னும் அவ்வளவு வேகமாக எந்த வேலையையும் செய்ததில்லை.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்குப் பேச்சிராஜ் திறந்து பார்த்தான். ஒரு வருஷத்துக்கு மேல் கை படாத கோப்பு ஒன்றுகூட இல்லை. அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. எல்லாரும் எல்லாவற்றையும் பயன்படுத்திக்கொண்டுதான் இருக்கிறார்கள், நாம்தான் குப்பை என்று நினைத்துவிட்டோம் என்று வெட்கப்பட்டான்.

7

திங்கட்கிழமை ஆடிட்டர் வந்தார். ஐம்பது வயதுப் பெண்மணி, பருத்திப் புடவை, மெல்லிய குரல். திட்டாத ஆடிட்டர்கள்தான் ஆபத்தானவர்கள், அதைப் புருஷோத்தமன் மறந்துவிட்டார்.

முதல் இரண்டு மணி நேரம் பேச்சிராஜின் வாழ்க்கையிலேயே சிறந்த இரண்டு மணி நேரம். 2010 ஆகஸ்ட் என்பார், எட்டு விநாடி. 2009 டிசம்பர் என்பார், பதினோரு விநாடி. புருஷோத்தமன் பேச்சிராஜின் தோளைத் தட்டினார். இரண்டாவது தட்டு முதல் தட்டை விட நீளமாக இருந்தது. அந்த நேரத்தில் பேச்சிராஜ் மனசுக்குள் வள்ளியூருக்குப் போன் போட்டுவிட்டான்.

"ரொம்ப நல்லா அடுக்கியிருக்கீங்க தம்பி" என்றார் ஆடிட்டர். "இந்த லிஸ்டைத் தேதி வாரியா வரிசைப்படுத்துங்களேன்."

வரிசைப்படுத்தினான்.

ஆடிட்டர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். "2009 ஜூலை ரிப்போர்ட், போன புதன்கிழமை மூணு நாப்பத்திரண்டு. 2010 ஜனவரி, அதே புதன்கிழமை மூணு நாப்பத்து மூணு. 2011 அக்டோபர், மூணு நாப்பத்து மூணு." அவர் திரும்பிப் பார்த்தார். "மூணு வருஷம் அளந்ததை எல்லாம் ஒரே சாயந்திரத்துல எழுதினீங்களா சார்?"

புருஷோத்தமன் பேச்சிராஜைப் பார்த்தார், பேச்சிராஜ் திரையைப் பார்த்தான்.

"ஒண்ணைத் திறங்க. இங்கே ஒரு காலிக் கட்டத்துல புள்ளி இருக்கே, இது என்ன? இன்னொண்ணைத் திறங்க. இதுலயும் புள்ளி."

புருஷோத்தமன் இருபது வருஷ அனுபவத்தை ஒரே வாக்கியத்தில் திரட்டினார். "அது வெரிஃபிகேஷன் மேடம். ரிப்போர்ட்ட திரும்பவும் ஒருக்கா செக் பண்ணதுக்கு அடையாளம்."

"அப்படியா? புள்ளி வெச்சா செக் பண்ணினதா அர்த்தம்னு உங்க நடைமுறைல எங்கே எழுதியிருக்கு?"

அதைத்தான் பேச்சிராஜால் எட்டு விநாடியில் எடுத்துக் காட்ட முடியவில்லை.

அந்த அறிக்கைகளில் ஒரு எண்கூடப் பொய் இல்லை. ஒவ்வொரு குழாயையும் அந்தந்த நாளில் அளந்து எழுதியவைதான். நிஜமானவற்றைக் காப்பாற்றப் போய்ப் பொய் மாதிரி ஆக்கிவிட்டார்கள். எனக்கு இந்த இடத்தில் சிரிப்பதா வேண்டாமா என்று இன்னும் தெரியவில்லை.

8

முடிவுகள். கையில் இருப்பதை எல்லாம் காட்டிவிடுகிறேன்.

அ. நாற்காலிக் கதையைக் கேட்டு ஆடிட்டர் வயிறு வலிக்கச் சிரிக்கிறார், பேச்சிராஜ் பர்மனன்ட் ஆகிறான். இதை என் நண்பர் ஒருவரிடம் படிக்கக் கொடுத்தேன். "எந்த ஆடிட்டர்யா சிரிச்சிருக்காரு?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

ஆ. புருஷோத்தமன் உளறியதை நிஜமாக்குவதற்காகப் பேச்சிராஜே உட்கார்ந்து ஒரு நடைமுறை எழுதுகிறான். 'சரிபார்த்தலுக்கு அடையாளமாகப் புள்ளி வைத்தல், பக்கம் 1 முதல் 4 வரை.' இது நிஜமாகவே நடந்தது. அங்கே வெகு நாள் மாசக் கடைசி வந்தால் புள்ளி வைத்தார்கள், எதற்கு என்று கேட்டால் பழைய ஆட்கள் மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். ஆனால் இது முடிவு இல்லை, ஒரு வேடிக்கை. உங்களை வேடிக்கை காட்டி அனுப்பிவிடத்தான் முதலில் திட்டம் போட்டிருந்தேன்.

இ.

இ-யை எழுதுவதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பஸ்ஸில் கேட்டது என்றேனே, அது பொய். சுப்பன் என்று அந்தக் கம்பெனியில் யாரும் இல்லை. அந்த ஸ்டோர்ஸில் உட்கார்ந்திருந்தவன் நான்தான்.

இன்னொன்றும் இருக்கிறது. சுப்பன் உதவி செய்தான் என்று எழுதினேன் அல்லவா? நான் யாருக்கும் உதவி செய்யவில்லை. ஸ்டோர்ஸில் சரக்கு வராத மத்தியானங்களில் நான் கம்பெனிக் கம்ப்யூட்டரில் கதை எழுதிக்கொண்டிருந்தேன். ஒன்பது கதைகள். காமன் டிரைவில் 'கேஸ்கெட் ஸ்டாக் 2008' என்ற பெயரில் ஒளித்து வைத்திருந்தேன். ஒரு வருஷமாகத் தொடவில்லை. டேக் விழுந்தால் பேச்சிராஜ் திறந்து பார்ப்பான், புருஷோத்தமனுக்குத் தெரியும், என் வேலை போகும். அந்த ஒன்பதை மட்டும் திறந்து சேமித்தால் பழைய தேதிகளுக்கு நடுவில் பளிச்சென்று தெரியும். எல்லாவற்றுக்கும் அதே தேதி விழுந்துவிட்டால் எது என்னுடையது என்று யாருக்குத் தெரியப்போகிறது? அதனால்தான் டீ நேரத்தில் பாண்டுரங்கனுக்கு மூளையைக் கடன் கொடுத்தேன். அந்தக் கதைகளாவது நன்றாக இருந்ததா என்றால் அதுவும் இல்லை.

9

இ.

ஆடிட் முடிந்த மறுநாள் பயிற்சி அறையில் எல்லாரையும் உட்கார வைத்தார்கள். இருபத்திரண்டு பேர். பேச்சிராஜ் முன்னால், திரைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். யாரும் நிற்கச் சொல்லவில்லை, உட்காரச் சொல்லவும் இல்லை.

"புள்ளி வெச்சு சேவ் பண்ணச் சொல்லி யாரு சொன்னது?" என்று கேட்டார் புருஷோத்தமன். "பேரைச் சொன்னா இந்தப் பையன் தப்பிச்சான். சொல்லலைன்னா இவன் பேர்லதான் எச்.ஆருக்கு ரிப்போர்ட் போகும். எனக்கு வேற வழி இல்ல."

பாண்டுரங்கன் என்னைப் பார்க்கவில்லை. அவர் என்னைப் பார்க்காமல் இருந்த விதம் எனக்கு நன்றாகத் தெரிந்தது. காட்டிக்கொடுக்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது.

பேச்சிராஜ் எல்லாரையும் ஒருமுறை பார்த்தான். தேடுகிற பார்வை இல்லை. பிறகு, "ரூல் போட்டது நான்தானே சார்" என்றான். "புரியற மாதிரி எழுதாதது என் தப்புதான்."

மே மாதம் கடிதம் வரவில்லை. ஒன்றரை வருஷம் கழித்து வந்தது. இசக்கிசெல்வி அந்த ஒன்றரை வருஷமும் அப்பாவோடு பேசாமல் இருந்து, பார்த்து வைத்த இடத்தைத் தட்டிக் கழித்து, காத்திருந்தாள். கல்யாணம் நடந்தது. ஆகவே எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று நான் தேற்றிக்கொள்ளலாம், பலமுறை தேற்றிக்கொண்டும் இருக்கிறேன். அவன் ஸ்டோர்ஸ் ஜன்னலுக்கு வந்து பத்திரிகையை நீட்டி, "கட்டாயம் வரணும் அண்ணே" என்றான். அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஓ.டி. இருக்கிறது என்றேன். ஓ.டி. எதுவும் இல்லை. வீட்டில் படுத்துக்கிடந்தேன். அவனுக்குத் தெரியுமா தெரியாதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

கதை எழுதுகிறவனுக்கு ஒரு வசதி உண்டு. நடந்ததை இன்னொரு தடவை நடத்திப் பார்க்கலாம். புருஷோத்தமன் கேட்டதற்கும் பேச்சிராஜ் வாய் திறந்ததற்கும் நடுவில் நாலைந்து விநாடி இருந்தது. அந்த இடத்தில் 'சுப்பன் எழுந்து நின்றான்' என்று எத்தனையோ முறை எழுதிப் பார்த்திருக்கிறேன். எழுதும்போது நன்றாகத்தான் இருக்கும், மறுநாள் படித்தால் பொய் என்று தெரியும், அழித்துவிடுவேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது, அவ்வளவுதான்.

ஆகையால் இந்த வாக்கியத்தை உங்களிடம் விடுகிறேன். உங்களுக்கு இப்போது எல்லாம் தெரியும். யார் சொன்னது, எதற்குச் சொன்னான், வள்ளியூரில் யார் போனுக்குக் காத்திருக்கிறார்கள், எல்லாம். என்னைத் திட்டுவதற்கு முன்னால் அந்த அறையில் ஒரு தரம் உட்கார்ந்து பாருங்கள். பிறகு நீங்கள் செய்திருக்கக்கூடியதை எழுதி, நீங்களே சேமித்துக்கொள்ளுங்கள்.

"யாரு சொன்னது?" என்று புருஷோத்தமன் கேட்டார். மூன்றாவது வரிசையில், சுவரோரமாக, தலையைக் குனிந்துகொண்டிருந்த நான்